இராமானுஜனின் அட்டவணையில் விடுபட்ட எண்: 293318625600

ஒரு முழு எண்ணின் இயல்பை அதன் இலக்கங்களின் எண்ணிக்கையிலிருந்து அறிந்துவிட முடியாது. இலக்கங்கள் அதன் அளவை மட்டுமே சொல்கின்றன. அது எந்தப் பகா எண்களின் பெருக்கலால் ஆனது, எத்தனை எண்கள் அதை மீதியின்றி வகுக்கின்றன, தனக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களோடு ஒப்பிடும்போது அது எங்கே நிற்கிறது என்பவையே அதன் இயல்பைத் தீர்மானிக்கின்றன. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு, அதாவது 293318625600 என்னும் எண், இவ்வகை ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுஎண்களைக் கொண்டிருந்தும், அத்தகைய எண்களை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த சீனிவாச இராமானுஜனின் அட்டவணையில் அது இடம்பெறவில்லை. அந்த எண்ணின் அமைப்பையும், அந்த விடுபடல் நிகழ்ந்த இடத்தின் கணிதச் சூழலையும் சேர்த்துப் பார்க்கும்போது, முழு எண்களுக்கு இடையே அளவின்படி ஒரு வரிசையும் பெருக்கலின்படி இன்னொரு வரிசையும் இருப்பதும், அவ்விரண்டும் எளிதில் ஒத்துப்போவதில்லை என்பதும் தெளிவாகின்றன.

உயர் பகு எண்கள்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் வகுஎண் எனப்படும். 12 என்னும் எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உள்ளன. 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட மிகுதியான வகுஎண்களைக் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்பர். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 எனத் தொடங்கும் இவ்வரிசை முடிவற்றது. பகா எண்ணுக்கு இரண்டே வகுஎண்கள் என்பதால், உயர் பகு எண்கள் பகா எண்களின் நேர் எதிர்த்துருவத்தில் நிற்பவை எனலாம்.

வகுஎண் மிகுந்த எண்களின் பயனை முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். பிளேட்டோ தம் 'சட்டங்கள்' என்னும் நூலில், ஓர் இலட்சிய நகரின் நிலவுடைமைக் குடும்பங்கள் 5040 ஆக இருக்க வேண்டும் என்று வகுத்தார். அந்த எண் ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடுவதால், நிலத்தையும் வரியையும் படையையும் எளிதில் பங்கிட முடியும் என்பது அவர் கருத்து. 5040க்கு 60 வகுஎண்கள் உண்டு. அதுவும் ஓர் உயர் பகு எண்ணே. ஆனால் இத்தகைய எண்களுக்குப் பொதுவான அமைப்பு என்ன, அவை எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்ற கேள்விகளுக்கு விடை காணும் முயற்சி 1915இல்தான் முழு வடிவம் பெற்றது. அவ்வாண்டு லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில், 'உயர் பகு எண்கள்' என்ற தலைப்பில் இராமானுஜனின் நீண்ட கட்டுரை வெளியாயிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் அவருக்கு ஆராய்ச்சிவழி இளங்கலைப் பட்டம் வழங்கியதற்கு அடிப்படையாக அமைந்ததும் இக்கட்டுரையே.

எண்ணின் உள்ளமைப்பு

293318625600 என்னும் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று கிடைக்கிறது. வகுஎண்களின் எண்ணிக்கையைக் காண, ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். ஏனெனில் ஒரு வகுஎண்ணை உருவாக்கும்போது 2ஐ ஒருமுறைகூட எடுக்காமலோ ஆறு முறை வரையோ எடுக்கலாம் என்பதால் அதற்கு ஏழு வாய்ப்புகளும், அவ்வாறே 3க்கு ஐந்து வாய்ப்புகளும் உள்ளன. எனவே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. பிளேட்டோ தம் நகருக்கு வகுத்த அதே 5040, இங்கே வகுஎண்களின் எண்ணிக்கையாக அமைகிறது.

இந்த எண்ணிக்கையின் அருமையை அண்டை எண்களோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கணிதவியலாளர் டிரிஷ்லே நிறுவிய முடிவின்படி, இந்த அளவுள்ள எண்களுக்குச் சராசரியாக 27 அல்லது 28 வகுஎண்களே உண்டு. ஹார்டியும் இராமானுஜனும் 1917இல் மெய்ப்பித்த தேற்றமோ இன்னும் நுட்பமானது: பெரும்பாலான எண்களில் உள்ள வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் மடக்கை கண்டால் வரும் மதிப்பை ஒட்டியே அமையும். இங்கே அம்மதிப்பு ஏறத்தாழ 3.27, ஆனால் இந்த எண்ணில் எட்டு வெவ்வேறு பகா எண்களும், திரும்ப வருபவற்றையும் சேர்த்தால் பதினெட்டுக் காரணிகளும் உள்ளன.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று ஏறாமல் இறங்கிவருவது உயர் பகு எண்கள் அனைத்துக்கும் உரிய விதி. பெரிய பகா எண்ணுக்குச் சிறியதைவிட உயர்ந்த அடுக்கு இருந்தால், அவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றி, வகுஎண்களின் எண்ணிக்கை மாறாமல் சிறிய எண் ஒன்றை உருவாக்கிவிடலாம். எனவே முதல் எண் உயர் பகு எண்ணாக இருக்க முடியாது. இடையில் ஒரு பகா எண் விடுபடுவதையும் இதே வாதம் தடுக்கிறது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்றே என்பதையும், 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு என்பதையும் இராமானுஜன் நிறுவினார். இவ்விதிகளின் விளைவாக ஒவ்வோர் உயர் பகு எண்ணும், தொடர்ச்சியான முதல் சில பகா எண்களின் பெருக்கற்பலன்களை மட்டுமே கொண்டு கட்டப்படக்கூடியது. இங்கே 2 × 2 × 6 × 6 × 210 × 9699690 என்பதே அந்தக் கட்டுமானம். இதில் 6 முதல் இரு பகா எண்களின் பெருக்கற்பலன். 210 முதல் நான்கின், 9699690 முதல் எட்டின் பெருக்கற்பலன்கள்.

வகுஎண்களின் செறிவு

1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களும் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கின்றன. 50 வரை சென்றாலும் வகுக்காதவை 23, 29, 31, 37, 41, 43, 46, 47 என எட்டே எட்டுதான். வகுஎண்கள் எப்போதும் இணைகளாக வருபவை. ஓர் இணையின் சிறிய எண் மூல எண்ணின் வர்க்கமூலத்துக்குக் கீழும் பெரியது அதற்கு மேலும் அமையும். ஆகவே 5040 வகுஎண்களில் சரிபாதியான 2520, ஏறத்தாழ 541589 ஆகிய வர்க்கமூலத்துக்குக் கீழே உள்ளன. அதாவது அவ்வெல்லைக்குள் சராசரியாக 215 எண்களுக்கு ஒன்று வகுஎண்.

இச்செறிவினால் விளையும் ஓர் அழகிய விளைவு வர்க்கமூலத்தின் அருகிலேயே தென்படுகிறது. 541589இன் வர்க்கம் 293318644921. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 19321 மிஞ்சுகிறது. அதுவோ 139இன் வர்க்கம். இரு வர்க்கங்களின் வேறுபாட்டை எப்போதும் கூட்டல், கழித்தல் என இரு காரணிகளாகப் பிரிக்கலாம் என்பதால், 293318625600 = 541450 × 541728 என்று கிடைக்கிறது. முதல் காரணி 2 × 5² × 7² × 13 × 17. இரண்டாவது 2⁵ × 3⁴ × 11 × 19. மூல எண்ணின் பகா எண்கள் இவ்விரண்டிலும் ஏறக்குறைய சமமான எடையோடு பங்கிடப்பட்டு, 278 மட்டுமே வேறுபடும் இரு காரணிகளை உருவாக்குகின்றன. காரணி இணையின் சராசரி வர்க்கமூலத்தைவிடக் குறைய முடியாது. வர்க்கமூலத்துக்கு மேலே அமையக்கூடிய மிகச் சிறிய சராசரி 541589 என்பதால், இதைவிட நெருங்கிய காரணி இணை இந்த எண்ணுக்கு இல்லை என்பதும் உறுதி.

இன்னொரு பண்பு 1948இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் ஏ. கே. சீனிவாசன் அறிமுகப்படுத்திய கருத்தோடு தொடர்புடையது. ஓர் எண்ணுக்குக் கீழுள்ள ஒவ்வொரு முழு எண்ணையும் அவ்வெண்ணின் வெவ்வேறு வகுஎண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமானால், அதை அவர் நடைமுறை எண் என்று அழைத்தார். 12ஐ எடுத்தால் 5 = 4 + 1, 11 = 6 + 4 + 1 என்பவை போல எல்லாவற்றையும் எழுதலாம். 2இல் தொடங்கி அடுத்தடுத்த பகா எண்களை விடாமல் கொண்ட எண்கள் அனைத்தும் நடைமுறை எண்களே என்பதால், 293318625600உம் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் எல்லா வகுஎண்களின் கூட்டுத்தொகை 1642243014720. ஒன்று முதல் இத்தொகை வரையுள்ள எந்த முழு எண்ணையும், ஒரு வகுஎண்ணை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாமல், அந்த 5040 வகுஎண்களைக் கொண்டே கூட்டிப் பெற்றுவிடலாம்.

அட்டவணையில் அதன் இடம்

இராமானுஜன் தம் கட்டுரையில் 6746328388800 வரையுள்ள உயர் பகு எண்களை, காரணிகளோடும் வகுஎண் எண்ணிக்கையோடும் அட்டவணைப்படுத்தினார். கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் உருவான அந்த அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. விடுபட்டது 293318625600 ஒன்றுதான். அட்டவணையின் இறுதி எண்ணுக்கு 10080 வகுஎண்கள். அந்த இறுதி எண், விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு.

இந்த எண் நிற்கும் இடத்தின் சிக்கலைப் புரிந்துகொள்ள, இராமானுஜன் உருவாக்கிய இன்னொரு கருத்து தேவை. உயர் பகு எண்களுக்குள்ளேயே தனிச்சிறப்புள்ள சிலவற்றை அவர் பிரித்தெடுத்து, அட்டவணையில் உடுக்குறியிட்டுக் காட்டினார். அவற்றை மேல்நிலை உயர் பகு எண்கள் எனலாம். எண்ணின் அளவு பெருகுவதற்கு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் தண்டனை விதித்து, வகுஎண்களின் எண்ணிக்கையை எண்ணின் ஒரு நிலையான சிறு அடுக்கால் வகுத்தால், அந்த ஈவை உச்சத்துக்குக் கொண்டுசெல்லும் எண்ணே மேல்நிலை உயர் பகு எண். அந்தச் சிறு அடுக்கைத் தீர்மானித்துவிட்டால் ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கும் சூத்திரத்தால் தானே கிடைத்துவிடுவதால், இவ்வகை எண்களைக் காண்பது எளிது. ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதிலிருந்து ஒரே ஒரு பகா எண்ணால் பெருக்கிப் பெறலாம்.

13967553600 அத்தகைய எண். அதற்கு 2688 வகுஎண்கள். அதை 23ஆல் பெருக்கினால் அடுத்த மேல்நிலை எண்ணான 321253732800 கிடைக்கிறது. வகுஎண்கள் இரட்டிப்பாகி 5376 ஆகின்றன. நம் எண்ணோ 13967553600இன் 21 மடங்கு. 20ஆல் பெருக்கினால் 4608 வகுஎண்களும், 22ஆல் பெருக்கினாலும் அதே 4608உம் கிடைக்க, 21ஆல் பெருக்கும்போது 3இன் அடுக்கும் 7இன் அடுக்கும் ஒவ்வொன்று உயர்வதால் எண்ணிக்கை 5040ஐ எட்டுகிறது. 23 மடங்கு என்ற மேல்நிலை எண்ணுக்குச் சற்று முன்னால், 21 மடங்கு என்ற இந்த எண் தனக்கென ஓர் உச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவ்விடத்துக்குரிய விகிதத்தில் தண்டனையைக் கணக்கிட்டால், மேல்நிலை எண்கள் எட்டும் உச்சத்தில் ஏறத்தாழ 95.7 விழுக்காட்டை இது எட்டுகிறது. மேல்நிலை எண்ணாக அந்த மீதி நான்கரை விழுக்காட்டுக்கும் குறைவான பற்றாக்குறையே தடையாகிறது.

இவ்விரு மேல்நிலை எண்களுக்கும் இடையே 13 உயர் பகு எண்கள் உள்ளன. அவற்றில் கடைசியானது 293318625600. அந்தப் பதின்மூன்றில் 23ஐக் காரணியாகக் கொண்டவையும் கொள்ளாதவையும் மாறிமாறி வருகின்றன. 48886437600 என்பதில் 23 இல்லை. 64250746560 என்பதில் உண்டு. 73329656400 என்பதில் இல்லை. 80313433200 என்பதில் உண்டு. 97772875200 என்பதில் இல்லை. 128501493120 என்பதில் உண்டு. 146659312800 என்பதில் இல்லை. 160626866400, 240940299600 ஆகிய இரண்டிலும் உண்டு. அடுத்து வரும் 293318625600இல் 23 மீண்டும் மறைந்து, அதற்கடுத்த 321253732800இல் திரும்புகிறது. அங்கிருந்து அட்டவணையின் முடிவுவரை எல்லா எண்களும் 23ஆல் வகுபடுகின்றன. ஆக, அட்டவணையில் விடுபட்ட எண், 23 என்னும் புதிய பகா எண் வரிசைக்குள் நிலைபெறும் மாறுதல் காலத்தின் இறுதிப் புள்ளியில் நிற்பது. தனக்கு முன்னுள்ள இரண்டு எண்களிலும் பின்னுள்ள எல்லா எண்களிலும் 23 இருக்க, அது இல்லாமலே தகுதி பெறுவது.

அந்தத் தகுதியை உறுதிசெய்ய, அதற்குக் கீழுள்ள இருபத்தொன்பதாயிரம் கோடிக்கு மேற்பட்ட எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. முதல் பதினொரு பகா எண்களின் பெருக்கற்பலன் 200560490130. பன்னிரண்டாவதையும் சேர்த்தால் எல்லை மீறிவிடும். பதினொரு பகா எண்களைப் பயன்படுத்தினால் 2048 வகுஎண்களுக்கு மேல் பெற இயலாது. பத்தைப் பயன்படுத்தினால் உச்சம் 4096. ஒன்பதைப் பயன்படுத்தினால் 240940299600 தரும் 4800. எட்டு அல்லது அதற்கும் குறைந்த பகா எண்களைக் கொண்ட சிறிய எண்கள் எதுவும் 5040ஐத் தொடுவதில்லை. அடுக்குகள் ஏறாமல் இறங்க வேண்டும் என்ற விதியொன்றே, அளவிறந்த தேடலை ஒரு பக்கத்துக்குள் முடிகிற கணக்காகச் சுருக்கிவிடுகிறது. இராமானுஜனின் கட்டுரையின் உண்மையான சாதனை, அட்டவணையைவிட, இவ்விதிகளை வகுத்துத் தந்ததில்தான் இருக்கிறது. அட்டவணையில் நேர்ந்த விடுபடலைக் கண்டுபிடிக்கும் கருவியும் அவ்விதிகளே.

எல்லைகளும் ரீமான் கருதுகோளும்

வகுஎண்களின் எண்ணிக்கை அதிகபட்சம் எவ்வளவு வளரலாம் என்பதை 1907இல் சுவீடனைச் சேர்ந்த வீகர்ட் கணித்தார். எண்ணின் மடக்கையை அம்மடக்கையின் மடக்கையால் வகுத்தால் கிடைக்கும் ஈவே, எண்கள் முடிவின்றிப் பெருகும்போது, அந்த உச்சத்தை 2இன் அடுக்காக எழுதத் தேவைப்படும் அடுக்கினை ஒட்டி நிற்கும் என்பது அவர் முடிவு. நம் எண்ணுக்கு அந்த ஈவு ஏறத்தாழ 8.07, ஆனால் 5040ஐ 2இன் அடுக்காக எழுத 12.3 தேவைப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.525. இவ்விகிதம் எந்த எண்ணுக்கும் 1.538ஐத் தாண்டாது என்பதையும், அந்த உச்சத்தை அடைவது 6983776800 என்னும் எண்ணே என்பதையும் பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் நிக்கோலாவும் ரோபனும் 1983இல் நிறுவினர். 293318625600 அந்த எண்ணின் சரியாக 42 மடங்கு. முடிவிலியில் ஒன்றாகச் சுருங்கப்போகும் விகிதம், இப்பகுதியில்தான் தன் உச்சத்தைத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கத் தொடங்குகிறது.

இராமானுஜனின் ஆய்வில் 1915இல் அச்சேறாத ஒரு பகுதியும் உண்டு. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்கு ஏற்பட்ட பண நெருக்கடியால் கட்டுரை சுருக்கப்பட்டது. எஞ்சிய கையெழுத்துப் படி 1988இல் அவருடைய 'தொலைந்த குறிப்பேடு' நூலோடு வெளியாகி, 1997இல் நிக்கோலா, ரோபன் ஆகியோரின் குறிப்புரைகளோடு மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. வகுஎண்களின் எண்ணிக்கையோடு அவற்றின் கூட்டுத்தொகையையும் அப்பகுதி ஆராய்கிறது. அது அச்சேறுவதற்கு முன்பே, 1984இல், ரோபன் இத்துறையின் மிக வியப்பான முடிவுகளுள் ஒன்றை மெய்ப்பித்திருந்தார்: 5040க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும், வகுஎண்களின் கூட்டுத்தொகையை எண்ணாலேயே வகுத்தால் வரும் ஈவு, அவ்வெண்ணின் மடக்கைக்கு மீண்டும் கண்ட மடக்கையை 1.78107 என்னும் மாறிலியால் பெருக்கினால் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்னும் கூற்றும், ரீமான் கருதுகோளும் ஒன்றே. பகா எண்கள் எவ்வளவு ஒழுங்காகப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றிய ரீமான் கருதுகோள் 1859 முதல் இன்றுவரை நிறுவப்படாமல் நிற்பது. 5040இல் அந்த ஈவு 3.838 ஆகவும் எல்லை 3.817 ஆகவும் இருப்பதால் சமனிலி முறிகிறது. இவ்வாறு முறியும் கடைசி எண்ணாக அறியப்பட்டிருப்பது அதுவே. 293318625600இல் ஈவு 5.599; எல்லை 5.830. இங்கே சமனிலி நிலைத்து நிற்கிறது. என்றாலும், இடைவெளி மிகக் குறுகியது; வகுஎண் மிகுந்த எண்களே எப்போதும் அந்த எல்லைக்கு மிக அருகில் செல்பவை என்பதால், ரீமான் கருதுகோள் பொய்யாகுமானால் அதைக் காட்டிக்கொடுக்கும் எண்ணும் இக்குடும்பத்தைச் சார்ந்த அமைப்பையே கொண்டிருக்கும்.

உயர் பகு எண்களில் மேல்நிலை எண்களைச் சூத்திரம் தருகிறது. அவற்றுக்கிடையே வரும் மற்றவற்றை எந்த ஒற்றைச் சூத்திரமும் தருவதில்லை. ஒரு கொடுக்கப்பட்ட எல்லைக்குள் உயர் பகு எண்கள் எத்தனை என்ற கேள்வியின் கடினம் இதில்தான் அடங்கியிருக்கிறது. அந்த எண்ணிக்கை, எல்லை எண்ணின் மடக்கையின் ஒன்றைவிடச் சற்றுக் கூடுதலான அடுக்கையாவது மிஞ்சும் என்று எர்டோஷ் 1944இல் நிறுவினார். அது மடக்கையின் ஏதோவொரு நிலையான அடுக்குக்குள் அடங்கிவிடும் என்று நிக்கோலா 1971இல் காட்டினார். அவ்விரு எல்லைகளுக்கும் இடையே அமையும் துல்லியமான வளர்ச்சியை அறிய வேண்டுமானால், 3க்கும் 7க்கும் பதிலாக 23ஐ வைப்பது எப்போது ஆதாயம், எப்போது இழப்பு என்பது போன்ற கேள்விகளை எல்லாப் பகா எண்களுக்கும் ஒருசேரத் தீர்க்க வேண்டியிருக்கும். 21க்கும் 23க்கும் இடையிலுள்ள சிறு வேறுபாட்டில் தன் இடத்தைப் பெற்ற 293318625600, அந்தப் பெருங்கேள்வியை ஒரே எண்ணுக்குள் வைத்துக் கைக்கணக்காகவே போட்டுப் பார்க்க வழி தருகிறது.